வண்டிக்கு ஓர் ஆண்டு, என்ஜினுக்கு வேறோர் ஆண்டு

மோட்டார் வண்டி ஒன்றின் வயது என்ன என்று கேட்டால், அது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த ஆண்டையே நாம் விடையாகச் சொல்லுகிறோம். ஆனால் இந்த விடை பொருந்தாத வண்டிகளும் பல உண்டு. அவற்றின் உடல் ஓர் ஆண்டில் பிறந்திருக்கும். என்ஜினோ வேறோர் ஆண்டில், வேறொரு வண்டிக்கென வார்க்கப்பட்டு, அவ்வண்டி அழிந்தபின் இதில் வந்து குடியேறியிருக்கும். கூடு விட்டுக் கூடு பாய்தல் என்று நம் பழங்கதைகள் கூறும் வித்தையை இரும்பிலே செய்து காட்டியவர்கள் பலர். அவ்வித்தை எவ்வாறு இயல்வதாயிற்று, யாருக்குப் பயன்பட்டது, எங்கே அதற்கு எல்லை வகுக்கப்பட்டது என்பவற்றை அமெரிக்க நாட்டின் வரலாற்றைக் கொண்டு இங்கே காண்போம்.

மாணவர்களே! மோட்டார் வண்டி தோன்றிய புதிதில், ஒரே தொழிற்சாலையில் ஒரே மாதத்தில் செய்யப்பட்ட இரண்டு வண்டிகளுக்குள்கூட உறுப்புகளை மாற்றிப் பொருத்துதல் அரிதாக இருந்தது. தொழிலாளி ஒவ்வோர் உறுப்பையும் அரத்தால் அராவி, அதற்குரிய இடத்தில் அமர்த்துவான். ஆகவே ஒன்றற்கென அராவியது மற்றொன்றில் சேராது. இந்நிலையை மாற்றியவர்களுள் ஒருவர் ஹென்றி லேலண்ட். துப்பாக்கித் தொழிற்சாலைகளில் நுட்ப அளவின் அருமையைக் கற்றவர் அவர். அவருடைய காடிலாக் நிறுவனத்தின் வண்டிகள் மூன்று, 1908ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஓட்டக் களத்தில் சோதனைக்கு உட்பட்டன. மூன்றையும் முற்றிலும் கழற்றினார்கள். உறுப்புகளை ஒன்றாகக் குவித்துக் கலந்தார்கள். பிறகு அக்குவியலிலிருந்து எடுத்து மூன்று வண்டிகளாக மீண்டும் பூட்டினார்கள். வெவ்வேறு நிறத் துண்டுகள் கலந்து வேடிக்கையாகத் தோன்றிய அவ்வண்டிகள் 500 மைல் தூரம் ஓடி முடித்தன. அவ்வாண்டின் டியூவர் கோப்பை காடிலாக்குக்குக் கிடைத்தது. வண்டியின் உறுப்பு எந்த ஒரு வண்டிக்கும் தனியுடைமை அன்று என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது.

ஆயினும் இது ஒரே வகை வண்டிகளுக்குள் நிகழ்ந்த மாற்றம். வெவ்வேறு ஆண்டு வண்டிகளுக்கு இடையே இப்பரிமாற்றம் பெருவழக்கானது ஃபோர்டு நிறுவனத்தின் வி எட்டு என்ஜினால் ஆகும். 1928 முதல் 1931 வரை விற்பனையான ஃபோர்டு 'ஏ' வண்டியின் என்ஜினில் நான்கு சிலிண்டர்களே இருந்தன; அதன் ஆற்றல் 40 குதிரைத்திறன். 1932ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் ஹென்றி ஃபோர்டு, எட்டுச் சிலிண்டர்களை இரு வரிசையாகச் சாய்த்து, ஒரே வார்ப்பாக அமைத்த 65 குதிரைத்திறன் என்ஜினை வெளியிட்டார். அதுவரை பெரும்பாலும் செல்வர்களின் வண்டிகளிலேயே இருந்த வி எட்டு, எளியவர் வாங்கும் வண்டிக்கு வந்தது. 1934இல் அதன் ஆற்றல் 85 குதிரைத்திறனாக உயர்ந்தது. 1939இல் தோன்றிய மெர்க்குரி வண்டியில் அவ்வகை என்ஜின் 95 குதிரைத்திறனை எட்டியது.

அக்காலம் அமெரிக்காவில் பொருளாதார மந்தம் நிலவிய காலம். தென் கலிபோர்னியாவின் இளைஞர்கள் பலரிடம் புதிய வண்டி வாங்கப் பணம் இல்லை. ஆனால் பழைய ஃபோர்டு 'ஏ' வண்டி மலிவாகக் கிடைத்தது. விபத்தில் நொறுங்கிய புதிய ஃபோர்டுகளும், நாம் காயலான் கடை என்று சொல்லுகிறோமே அத்தகைய இடங்களில் கிடந்தன. உடல் சிதைந்தாலும் அவற்றுள் சிலவற்றின் என்ஜின் பழுதின்றி இருந்தது. அதைத் தூக்கிவந்து பழைய வண்டியின் எடை குறைந்த உடலில் ஏற்றினார்கள். இவ்வாறு பிறந்தவையே பின்னாளில் 'ஹாட் ராட்' என்று பெயர் பெற்றன. நீர் வற்றிய மியூராக் ஏரிப்படுகையில் அவற்றை ஓட்டி வேகம் அளந்தார்கள். 1937இல் அவர்களுடைய குழுக்கள் கூடித் தென் கலிபோர்னிய டைமிங் சங்கத்தை நிறுவி, ஓட்டங்களுக்கு விதிகளையும் வகுத்தன. 1942ஆம் ஆண்டு பிப்ரவரியில், போரின் பொருட்டு, பொதுமக்களுக்கான கார் உற்பத்தியே அமெரிக்காவில் நின்றுபோயிற்று. போர் முடிந்தபின்னும் சில காலம் புதிய வண்டிக்குத் தட்டுப்பாடு நீடித்தது. பழைய என்ஜினைப் பேணவும் மாற்றவும் தெரிந்த கைகளுக்கு அப்போது மதிப்பு மிகுந்தது.

ஆண்டு வேறுபட்ட என்ஜின் எங்ஙனம் பொருந்திற்று? விடை அதன் இணைப்பில் உள்ளது. என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் இடையே, கிளட்சை மூடிய மணி வடிவக் கூடு ஒன்று உண்டு. 1932 முதல் 1948 வரை ஃபோர்டு வி எட்டில் அக்கூடு என்ஜின் வார்ப்போடு ஒன்றாகவே இருந்தது. இடையில் தண்ணீர்ப் பம்புகள் இடம் மாறின. சிலிண்டர் மூடியைப் பிணிக்கும் திருகாணிகள், பக்கத்திற்கு 21 என்றிருந்தது 24 ஆயிற்று. ஆயினும் கியர் பெட்டியைத் தழுவும் முகம் பெரும்பாலும் நிலைத்திருந்தது. 1949இல் அந்தக் கூடு தனி உறுப்பாயிற்று. தீப்பொறியைப் பங்கிடும் கருவியும் இடம் பெயர்ந்தது. அதுமுதல் புதிய என்ஜினைப் பழைய வண்டியில் வைக்க இடையிணைப்புகள் வேண்டியதாயிற்று.

1955இல் செவர்லே நிறுவனம் வெளியிட்ட சிறிய வி எட்டு இந்த உண்மையை மேலும் விளக்கும். பல பத்தாண்டுகள் அதன் கொள்ளளவு மாறிற்று, ஆற்றல் மாறிற்று. கியர் பெட்டியோடு அதைப் பிணைக்கும் துளைகளின் அமைப்போ மாறவில்லை. ஆகவே மாற்று என்ஜின் வேண்டியோர் பலர் அதனையே நாடினர். ஆனால் வெளித்தோற்றத்தை நம்பி ஏமாறவும் கூடாது. முதல் ஆண்டுகளின் என்ஜின்களில் பக்கத் தாங்கிகளுக்குரிய இடம் இல்லை. அது 1958இல்தான் வந்தது. 1970இல் வந்த 400 கன அங்குல என்ஜினுக்கு அதற்கென எடை சமன் செய்த ஃப்ளைவீல் வேண்டும். வேறொன்றைப் பூட்டினால் என்ஜின் அதிர்ந்து கெடும். 1986இல் கிராங்க் தண்டின் பின்புற எண்ணெய்த் தடுப்பு மாறியபோது, ஃப்ளைவீலைப் பிணிக்கும் துளைகளும் மாறின. உருவத்தில் இரட்டையராய் இருப்பவையும் அளவில் அயலார் ஆகலாம்.

பொருந்திவிட்டால் மட்டும் போதுமா? 40 குதிரைத்திறனுக்கென அமைந்த ஃபோர்டு 'ஏ' வண்டியின் பிரேக்குகள் இரும்புக் கம்பிகளால் இழுக்கப்பட்டவை. அதன் இருமடங்கு ஆற்றலை அதில் ஏற்றினால், ஓடுவது எளிது, நிற்பது அரிது. ஆகவே அறிவுடைய இளைஞர், திரவ அழுத்தத்தால் இயங்கும் 1939க்குப் பிந்திய ஃபோர்டு பிரேக்குகளையும் தேடிப் பொருத்தினர். அந்த வி எட்டில் சூடான புகை, சிலிண்டர் வார்ப்பினூடே சென்று வெளியேறும். ஆதலால் குளிர்நீர் மிகச் சூடாகும். பழைய ரேடியேட்டர் அதைத் தாங்காது. என்ஜின் மாற்றம் என்பது ஓர் உறுப்பின் மாற்றமன்று. அவ்வுறுப்பைச் சார்ந்த அனைத்தின் மாற்றமுமாகும். இதை மறந்தவர் தம் உயிரை மட்டுமன்றி, வீதியில் நடப்போரின் உயிரையும் பணயமாக வைத்தவர் ஆவர்.

பின்னர் மற்றோர் எல்லையும் வந்தது. வண்டிப் புகையால் காற்று நஞ்சாவதைக் கண்ட கலிபோர்னியா அரசு, 1966ஆம் ஆண்டு வண்டிகள் முதற்கொண்டு புகைக்கு வரம்பு விதித்தது. நாடு முழுமைக்குமான வரம்பு 1968ஆம் ஆண்டு வண்டிகள் முதல் நடைமுறைக்கு வந்தது. 1970இல் காற்றுத் தூய்மைச் சட்டம் அதை மேலும் வலுப்படுத்தியது. அவ்வரம்புக்குட்பட்ட வண்டியில் மாற்று என்ஜினை வைப்போர் அது வண்டியின் ஆண்டினதாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வென்ஜினுக்குரிய புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் உடன்கொணர வேண்டும் என்பது கலிபோர்னியாவின் விதி. புதிய என்ஜின் பழைய வண்டிக்குச் செல்லலாம். பழைய என்ஜின் புதிய வண்டிக்கு வரலாகாது. ஒருகாலத்தில் வண்டிக்கும் அதன் உரிமையாளனுக்கும் மட்டுமே உரியதாயிருந்த கேள்வி, அவ்வூரில் மூச்சு விடும் அனைவருக்கும் உரிய கேள்வியாயிற்று.

இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? புதியதை ஆக்குவோர் எதை மாற்றுகிறார்கள் என்பதைப் போலவே, எதை மாற்றாமல் விடுகிறார்கள் என்பதும் கருதத்தக்கது. துளைகள் சில இடம் பெயராமல் இருந்தமையால் அன்றோ, பணமில்லாத இளைஞனும் தன் காலத்தின் முன்னேற்றத்தில் பங்கு பெற்றான்! இணைப்பை அடிக்கடி மாற்றுபவன் பழையதை எல்லாம் குப்பையாக்குகிறான். இணைப்பைக் காப்பவன் பழையதற்கும் வாழ்வளிக்கிறான். நாளை உங்களுள் பலர் பொறியாளர் ஆவீர்கள். வரைபலகையின் முன் அமரும்போது, நீங்கள் வரையும் ஒவ்வொரு துளையும் உங்கள் பொருளைப் புதிதாய் வாங்குவோருக்கு மட்டுமன்றி, இருபது ஆண்டுகளுக்குப் பின் அதைப் பழுதுபார்க்கப் போகும் முகமறியாத ஒருவருக்கும் உரியது என்பதை மனத்திற் கொள்ளுங்கள்.