ஏழு பெண்களுக்கு ஒரு பாட்டு

பழைய இசைத்தட்டு ஒன்று மறுபதிப்பா வருதுன்னா நான் முதலில் திருப்பிப் பார்ப்பது பின்னட்டையைத்தான். யாருக்கு எத்தனை பாட்டு? 'டான்ஸ் கிரேஸ்' என்ற நேரலைத் தொகுப்பில் மொத்தம் 15. ஸ்பெஷல்ஸ், மேட்னெஸ், செலக்டர், பீட் நான்கு குழுக்களுக்கும் தலா 3. பேட் மேனர்ஸுக்கு 2. பாடிஸ்னாட்சர்ஸுக்கு 1.

அந்த ஒன்று என்னை ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

கதை கவென்ட்ரியில் தொடங்குகிறது. கார் தொழிற்சாலைகளின் ஊர். 1979-ல் ஜெர்ரி டாமர்ஸ் அங்கே 2 டோன் என்ற லேபிளைத் தொடங்கினார். ஜமைக்காவின் ஸ்காவும் பங்க்கின் அவசரமும் கலந்த இசை. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில். அந்த அக்டோபரில் ஸ்பெஷல்ஸ், மேட்னெஸ், செலக்டர் மூன்றும் ஒன்றாகச் சுற்றுப்பயணம் கிளம்பின. ஒரே டிக்கெட்டில் மூன்று குழு. நவம்பரில் மூன்றும் பிபிசியின் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நிகழ்ச்சியில் ஒரே வாரம் வந்துவிட்டன. கச்சேரிகளுக்கு இனவாத நேஷனல் ஃப்ரன்ட்டின் மொட்டைத்தலைப் பையன்களும் வந்தார்கள் என்பதுதான் வினோதம். கறுப்பர் இசைக்கு ஆடிக்கொண்டே கறுப்பரை வெறுக்கவும் அவர்களால் முடிந்தது.

அந்தப் பயணத்தின் சூட்டை ஜோ மசோட் 1980-ல் படமாக எடுத்தார். ஒரே ராத்திரி, ஒரே அரங்கம் கிடையாது. பல கச்சேரிகளைக் கோத்தது. படத்தின் இசைத்தட்டு 1981 பிப்ரவரியில் வந்தது. அட்டையில் 2 டோன் முத்திரை. ஆனா பேட் மேனர்ஸ் அந்த லேபிளில் இருந்ததே இல்லை. மேட்னெஸும் பீட்டும் ஆளுக்கொரு சிங்கிள் போட்டுவிட்டு எப்போதோ போயாச்சு. ஒரு குடும்பப் போட்டோ மாதிரிதான் இந்தத் தட்டு. எடுத்த நாளில் எல்லாரும் சிரிக்கிறார்கள், அவ்வளவுதான்.

பாடிஸ்னாட்சர்ஸ் அந்தப் போட்டோவின் ஓரத்தில் நிற்பவர்கள். பேஸ் வாசித்த நிக்கி சம்மர்ஸ் விளம்பரம் கொடுத்துச் சேர்த்த ஏழு பெண்கள். பாடியவர் ரோடா டக்கார். வாசித்துக்கொண்டே கற்றுக்கொண்டவர்கள் என்றே சொல்லலாம். 2 சிங்கிள் வந்தது. ஆல்பம் வரவே இல்லை. 1980 முடிவதற்குள் குழு பிரிந்தது. அதாவது இந்தத் தட்டு கடைக்கு வந்தபோது அவர்கள் குழுவே கிடையாது. தட்டில் இருப்பது 'ஈஸி லைஃப்'. வேலை, சம்பளம் என்று அலையாமல் வீட்டோடு இருந்துவிடலாமே என்ற சபலத்தோடு மல்லுக்கட்டும் பாட்டு. தாளம் கொஞ்சம் தள்ளாடும். எனக்கு அந்தத் தள்ளாட்டம் பிடிக்கும்.

2023-ல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் படத்தைச் செப்பனிட்டு வெளியிட்டது. கூடவே தட்டும் திரும்பி வந்தது. பெரிய பதிப்பில் படத்தில் மட்டுமே இருந்த பாட்டுகளும் சேர்ந்தன. மறுபதிப்பில் இப்படிக் கொசுறு சேர்த்தால் பழைய வரிசை கெடுகிறது என்று புலம்புபவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான், பெரும்பாலும். மேட்னெஸின் இன்னொரு நேரலைப் பதிவு இல்லையென்றால் உலகம் ஒன்றும் நின்றுவிடாது. ஆனா ஆல்பமே இல்லாத குழுவுக்கு அந்தக் கொசுறுதான் சொத்து. ரோடா டக்கார் அந்தக் குழுவின் பாட்டுகளை ஒரு முழு ஆல்பமாகப் பாடிப் பதிவதற்குள் 30 வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

இப்பவும் 15 பாட்டு வரிசையைத்தான் அடிக்கடி போடுகிறேன். 'த்ரீ மினிட் ஹீரோ' முடிந்ததும் 'ஈஸி லைஃப்' வரும். அந்த இடத்தில் மட்டும் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைப்பேன்.