மொபைல் ஆப் உருவாக்கக் கற்கிறீர்களா? முதலில் விளங்கிக்கொள்ள வேண்டிய அடிப்படைகள்

மொபைல் ஆப் உருவாக்கக் கற்க விரும்பும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "எந்த மொழி படிக்கலாம்?" என்பதைத்தான். மொழி அவசியம்தான். ஆனால் எந்த மொழியில் எழுதினாலும் மாறாத அடிப்படைகள் சில உள்ளன. வீட்டுச் செலவுக் கணக்கு எழுதும் ஓர் ஆப்பை உதாரணமாக வைத்து அவற்றைப் பார்ப்போம்.

1. மொழியும் கருவியும்

ஆண்ட்ராய்டுக்கு கோட்லின், ஐபோனுக்கு ஸ்விஃப்ட். ஸ்விஃப்ட்டை ஆப்பிள் 2014-ல் வெளியிட்டது. கோட்லினை கூகுள் 2017-ல் ஆண்ட்ராய்டின் அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்றாக அறிவித்தது. இரண்டு வகை போனுக்கும் சேர்த்து ஒரே முறையில் எழுத ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ் போன்றவை உள்ளன. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ இலவசம். விண்டோஸ் கணினியிலும் இயங்கும். ஐபோனுக்கான எக்ஸ்கோட் மேக் கணினியில் மட்டுமே இயங்கும். வீட்டில் விண்டோஸ் லேப்டாப்தான் இருக்கிறது என்றால் ஆண்ட்ராய்டில் தொடங்குவதே சிக்கனம்.

2. திரை வேறு, கணக்கு வேறு

பட்டனும் எழுத்தும் திரையின் வேலை. செலவைக் கூட்டிச் சொல்வது உள்ளே நடக்கும் வேலை. இரண்டையும் ஒரே இடத்தில் கலந்து எழுதினால், பிறகு ஒரு பட்டனை மாற்றும்போது கணக்கு கெட்டுப்போகும். தொடக்கத்திலிருந்தே பிரித்து எழுதப் பழகுங்கள்.

3. ஆப்பின் ஆயுள்

புதிதாகக் கற்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. பாதி எழுதும்போது போன் அழைப்பு வந்தால் நம் ஆப் பின்னால் போய்விடலாம். நினைவகம் போதாவிட்டால் போன் அதை நிறுத்தியும் விடலாம். ஆண்ட்ராய்டில் போனைத் திருப்பினாலே, வேறு ஏற்பாடு செய்யாதவரை அந்தத் திரை அழிந்து மறுபடி உருவாகும். அந்த நேரத்தில் எழுதியவற்றைக் காப்பாற்ற வழி செய்யாவிட்டால் அவை போய்விடும். எனவே போனைத் திருப்பிப் பார்ப்பது, பாதியில் வேறு ஆப்புக்குப் போய்த் திரும்புவது ஆகிய இரண்டு சோதனைகளையும் எப்போதும் செய்யுங்கள்.

4. சேமிப்பு

திரையில் இருப்பது தற்காலிகம். நிலைக்க வேண்டியதைப் போனிலுள்ள தரவுத்தளத்தில் எழுத வேண்டும். எஸ்கியூலைட் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் உள்ளது. செலவுக் கணக்குக்கு இதுவே போதும்; இணையம் தேவையில்லை. பல போன்களில் ஒரே கணக்கைக் காண வேண்டும் என்றால்தான் சர்வர் தேவை.

5. அனுமதி

2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், கேமரா, இருப்பிடம், தொடர்பு எண்கள் போன்றவற்றை ஆப் பயன்படுத்த, அது ஓடும்போதே பயனரிடம் அனுமதி கேட்க வேண்டும். செலவுக் கணக்கு ஆப்புக்குத் தொடர்பு எண்கள் எதற்கு? தேவையில்லாததைக் கேட்கவே கூடாது. பிறருடைய தகவல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். எடுக்காத தகவல் நம்மிடமிருந்து கசியவும் முடியாது.

6. வெளியீடு

கூகுள் பிளேயில் பதிவுக் கட்டணம் ஒரு முறை 25 டாலர். ஆப்பிளில் ஆண்டுக்கு 99 டாலர். கூகுளில் புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குவோர், குறைந்தது 12 பேரைக் கொண்டு தொடர்ந்து 14 நாட்கள் ஆப்பைச் சோதித்த பிறகே பொது வெளியீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். உறவினர்களையும் நண்பர்களையும் இதற்கு முன்பே தயார் செய்துகொள்ளுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: ஆண்ட்ராய்டுக்கான அடிப்படைப் பாடங்களை கூகுளே இலவசமாகத் தருகிறது. பெரிய தொகை கட்டி வகுப்பில் சேர்ப்பதற்கு முன், பிள்ளை அவற்றைப் படித்துச் சிறிய ஆப் ஒன்றை முழுதாக முடிக்கட்டும். அதை உங்கள் போனில் நிறுவி ஒரு வாரம் பயன்படுத்திப் பாருங்கள். எழுதிய கணக்கு ஒன்றுகூடத் தொலையாமல் இருந்தால், பிள்ளை அடிப்படையை நன்றாகக் கற்றிருக்கிறது என்று நம்பலாம்.