தண்ணீரின் முதற்குடிகள்

மலையகத் தண்ணீரில் இன்று நீந்தும் மீன்களில் பல மனிதர் கொண்டுவந்து விட்டவை. ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் ட்ரவுட், நுவரெலியா கிரகறி வாவியில் கார்ப், நீர்த்தேக்கங்களில் திலாப்பியா என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் வந்து சேர்ந்தது. துரைமாரின் தூண்டிலுக்காகச் சில வந்தன. சோற்றுக்குக் கறியாகட்டும் என்று சில வந்தன. ஏறத்தாழ 140 ஆண்டுகால வரலாறு இது. இதைத் தொடர்ந்து படித்தால் ஒரே பிழை திரும்பத் திரும்ப நடந்திருப்பது தெரியும். மீன் விட்டவர்கள் மீனை மட்டும் எண்ணினார்கள். அந்தத் தண்ணீரை வாழத் தக்கதாக வைத்திருக்கும் சிற்றுயிர்கள் அவர்கள் கணக்கில் வரவில்லை. பொகவந்தலாவை நகரில் இன்று புதிதாக ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி, மாலையில் தண்ணீர் நிரப்பி, மறுநாள் காலையில் மீன் விடுகிறவரும் இதையேதான் செய்கிறார். மீன்தொட்டி வளர்ப்பின் முதற்பாடத்தை நம் மலைகளின் ஓடைகளே வேண்டிய அளவு கற்றுத் தந்திருக்கின்றன என்பது என் வாதம்.

ட்ரவுட்டின் கதையிலிருந்து தொடங்கலாம். குளிர்நாட்டு மீனை வெப்பநாட்டுக்குக் கொண்டுசெல்வது 19ஆம் நூற்றாண்டின் பெருங்கனவுகளில் ஒன்று. 1864 ஜனவரியில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட நோர்ஃபோக் என்ற கப்பல், ஈரப்பாசியில் பொதிந்து பனிக்கட்டிக்குள் அடுக்கிய மீன்முட்டைகளை ஏறத்தாழ மூன்று மாதம் சுமந்து மெல்பேர்ன் சேர்ந்தது. அங்கிருந்து டாஸ்மேனியா போய்ப் பொரித்த சில நூறு குஞ்சுகளே அந்தத் தீவின் ட்ரவுட் இனத்துக்கு மூலம். அதற்கு முந்திய ஆண்டே நீலகிரிக்கு முட்டை கொண்டுவர முயன்ற பிரான்சிஸ் டேயின் முயற்சி தோற்றது. வழிநெடுக இருந்த வெயிலை முட்டைகள் தாங்கவில்லை. இலங்கையில் 1880களில் பழுப்பு ட்ரவுட்டும், நூற்றாண்டு முடிவதற்குள் வானவில் ட்ரவுட்டும் வந்திறங்கின. 1896இல் இலங்கை மீன்பிடிக் கழகம் நிறுவப்பட்டது. பொரிப்பகம் வைத்துக் குஞ்சு வளர்த்து நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் விட்டார்கள். 1907இல் நீலகிரியின் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த எச்.சி. வில்சனுக்கு இலங்கையிலிருந்தும் வானவில் ட்ரவுட் போயிருக்கிறது. இலங்கையில் பழுப்பு ட்ரவுட் வளர்ந்தது, தூண்டிலிலும் சிக்கியது, ஆனால் தானாகப் பெருகி நிலைகொள்ளவில்லை. பொரிப்பகம் விட்டுக்கொண்டே இருந்தவரைதான் அது இருந்தது. வானவில் ட்ரவுட் மட்டும், அதுவும் ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் இருக்கும் ஹோர்ட்டன் சமவெளியில், முட்டையிட்டுக் குடும்பம் பெருக்கியது.

அப்படியானால் தயாரிப்பு எதுவும் இல்லாமலே மீன் நிலைத்துவிட்டதே என்று கேட்கலாம். தயாரிப்பு இருந்தது, அதைச் செய்தவர் மனிதரல்லர். சமவெளியின் ஓடைகள் முகிற்காட்டின் நிழலில், கூழாங்கல் படுகையில், பூச்சிப் புழுக்களும் நண்டும் இறாலும் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தவை. அந்தக் காட்டிலும் கல்லிலும் சிற்றுயிரிலும் ஏறி அமர்ந்துதான் ட்ரவுட் பிழைத்தது. காப்பிக்காகவும், 1869இல் தொடங்கிய இலைத்துரு நோய் காப்பியை அழித்தபின் தேயிலைக்காகவும் காடு வெட்டப்பட்ட தாழ்வான பள்ளத்தாக்குகளில் கதை வேறு. நிழல் போன ஓடையில் வெயில் விழுந்தது. மழைக்கு மலைமண் கரைந்து கூழாங்கல்லின் இடுக்குகளை அடைத்தது. அந்த இடுக்குகளில்தான் ட்ரவுட் முட்டையிடும். மேலே கிடைத்த வெற்றிக்கும் விலை உண்டு. ஹோர்ட்டன் சமவெளியில் மட்டுமே வாழும் ஒரு சிறு நன்னீர் இறால் இன்று அற்றுப்போகும் நிலையில் இருக்கிறது. அதை அச்சுறுத்துவனவற்றில் ட்ரவுட்டையும் ஆய்வாளர்கள் சேர்க்கிறார்கள். மீன் தோற்ற இடத்திலும் வென்ற இடத்திலும் கணக்கில் விடுபட்டவை ஒன்றேதான்: கண்ணில் படாத அல்லது கண்டும் பொருட்படுத்தாத சிறிய உயிர்கள்.

நீர்த்தேக்கங்கள் இன்னொரு சான்று. பொகவந்தலாவை வழியாக இறங்கும் கெஹெல்கமு ஓயாவை நோர்வூட்டுக்குக் கீழே மறித்துக் கட்டிய காசல்ரீ அணை 1965இல் நிறைவுற்றது. நான்கு ஆண்டுகளில் மவுசாகலையும் நிறைந்து பழைய மஸ்கெலியா நகரை மூழ்கடித்தது. ஓடும் நீர் ஒருசில ஆண்டுகளில் தேங்கு நீராயிற்று. இதற்கு முன்பே, 1952இல், ஆபிரிக்கத் திலாப்பியா தாழ்நிலக் குளங்களில் விடப்பட்டிருந்தது. தேங்கிய தண்ணீரிலேயே தானாகக் குஞ்சு பொரித்து, கிடைத்த பாசியைத் தின்று வாழும் மீன் அது. கார்ப் இனங்களோ பெரும்பாலும் ஆண்டுதோறும் பொரிப்பகத்திலிருந்து வரவேண்டியவை. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அரசியல் ஒரு பரிசோதனைபோல் காட்டிவிட்டது. 1990இல், உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகலாகாது என்ற பௌத்த எதிர்ப்பினால், உள்நாட்டு நன்னீர் மீன்பிடிக்கு அளித்த ஆதரவை அரசு நிறுத்தியது. 1994இல் ஆட்சி மாறும்வரை அது மீளவில்லை. குஞ்சு விடுவது நின்ற அந்த ஆண்டுகளில் கார்ப்பை நம்பிய வளர்ப்பு சரிந்தது. குளங்களில் ஏற்கெனவே வேர்விட்டிருந்த திலாப்பியா மனிதர் கையை எதிர்பாராமல் பிடிபட்டுக்கொண்டிருந்தது. தண்ணீரில் இருந்த பாசியை நம்பிய மீன் நிலைத்தது, பொரிப்பகத்தை நம்பியது நிலைக்கவில்லை.

இனி கண்ணாடித் தொட்டிக்கு வருவோம். தொட்டித் தண்ணீர் தன்னை ஒரு சமநிலையில் காத்துக்கொள்ளும் என்று முதலில் செய்து காட்டியவர்களில் ஒருவர் லண்டன் வேதியியலாளர் ரொபர்ட் வாரிங்டன். 1850இல் வெளியிட்ட ஆய்வுக்காக அவர் இரண்டு தங்கமீன்களையும் ஒரு நீர்த்தாவரத்தையும் ஒரே தொட்டியில் வைத்தார். தாவரத்தின் அழுகிய இலைகளால் தண்ணீர் கலங்கியபோது நீர்நத்தைகளைச் சேர்த்தார். நத்தைகள் அழுகலைத் தின்றன, தண்ணீர் தெளிந்தது. மீனுக்கு முன்னுரிமை தராமல், கழிவைத் தின்பவரைத் தேடிப்போன தொட்டி அது என்பதால் எனக்கு அது பெரிய நிகழ்வாகவே படுகிறது. ஆனால் அவருடைய விளக்கம் ஒட்சிசனோடு நின்றது. மீனின் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் கசியும் அமோனியா என்னவாகிறது என்ற கேள்விக்கு விடை பிரான்சிலிருந்து வந்தது. 1877இல் ஷ்லோசிங், மியூன்ட்ஸ் என்ற இருவர், மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய நீண்ட குழாய் வழியாகக் கழிவுநீரை மெல்ல வடியவிட்டார்கள். இருபது நாளளவும் எந்த மாற்றமும் இல்லை. அமோனியா உள்ளே போனபடியே வெளியே வந்தது. பிறகு அமோனியா குறைந்து நைத்திரேற்று தோன்றியது. குளோரோஃபோம் ஆவியைச் செலுத்தியதும் வேலை நின்றது. சிறிது மண்கரைசலை ஊற்றியதும் மறுபடி தொடங்கியது. அந்த மணலுக்குள் இருந்தவை உயிர்கள் என்று அன்று உறுதியாயிற்று.

வியப்பு என்னவென்றால், இந்த ஆய்வை மேற்கொண்டு நடத்தியவர் அதே வாரிங்டனின் மகன். அவர் பெயரும் ரொபர்ட் வாரிங்டன். ரொதம்ஸ்டெட் வேளாண் நிலையத்தில் பயிருக்கு உரம் எப்படிச் சேர்கிறது என்று தேடியவர், அமோனியா முதலில் நைத்திரைற்றாகவும் பின்பு நைத்திரேற்றாகவும் இரண்டு படிகளில், இரு வேறு உயிர்களால் மாறுகிறது என்று கண்டார். 1890ஐ ஒட்டி வினோகிராட்ஸ்கி என்பவர் அந்தப் பற்றீரியாக்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். தந்தை தொட்டியில் விட்ட கேள்விக்கு மகன் வயல் மண்ணில் விடை கண்டார் எனலாம். இந்த விடை மலையகத்துக்கு அந்நியமானதன்று. தேயிலைக்கு அமோனியம் சல்பேற் போடும்போது மரத்தடியில் வேலை செய்வது இதே பற்றீரியாக் கூட்டம்தான். அந்த வேலையின் விளைவாக மண் புளித்துப்போவதால்தான் தோட்டங்களில் டொலமைட் தூவுகிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் கூடையோடு மலையேறிய மக்களின் காலடியில் நடந்துகொண்டிருக்கும் வேதியியலையே தொட்டியில் மறுபடி தொடங்கிவைக்க வேண்டியிருக்கிறது.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும், இரண்டும் நியாயமானவை. முதலாவது: கப்பி மீன் கானில் கிடந்து பெருகுகிறதே, அதற்கு யார் தண்ணீர் தயாரித்தார்கள்? நுளம்புக் குடம்பிகளைத் தின்னட்டும் என்று மலேரியாக் காலத்தில் விடப்பட்ட கப்பி, உண்மையில் தயார் நிலையில் இருந்த தண்ணீருக்குத்தான் போனது. கானின் ஒவ்வொரு கல்லிலும் வழுவழுப்பாகப் படிந்திருக்கும் பாசிப்படலம் பல ஆண்டுகளாக வேலை செய்கிற பற்றீரியாக் குடியிருப்பு. மேலிருந்து புதிய நீர் வந்துகொண்டும் இருக்கிறது. நேற்றுக் கழுவிய கண்ணாடியில் அந்தப் படலமும் இல்லை, வரத்தும் இல்லை. இரண்டாவது: முன்பெல்லாம் கண்ணாடிக் கிண்ணத்தில் தங்கமீன் வைத்து நாள்தோறும் தண்ணீர் மாற்றினால் போதுமாக இருந்ததே? நாள்தோறும் மாற்றுவது பற்றீரியாவின் வேலையைக் கையால் செய்வது. ஒருநாள் தவறினால் அமோனியா செவுளைச் சுடும். சற்றுப் பிந்தி வரும் நைத்திரைற்று இரத்தத்தைப் பழுப்பாக்கி, ஒட்சிசனைச் சுமக்கவிடாமல் செய்யும். மேற்பரப்பில் வாயைப் பிளந்து திணறும் மீனுக்கு ‘காற்றுப் போதவில்லை’ என்று பம்ப் வாங்குவோர் பலர். காற்று இருக்கும், அதை எடுத்துச்செல்ல இரத்தத்தால் முடியாதிருக்கும்.

பொகவந்தலாவையில் இந்த வேலை இன்னும் மெதுவாகவே நடக்கும் என்பதற்குக் காரணம் ஊரின் நிலமே. 4,000 அடிக்கு மேலே, வெப்பமூட்டி இல்லாத தொட்டியின் நீர் 20 பாகையை ஒட்டியே நிற்கும். இந்தப் பற்றீரியாவுக்குப் பிடித்தது 25 முதல் 30 பாகை. கொழும்பில் நான்கு முதல் ஆறு வாரத்தில் முடிவது இங்கே இரண்டு மாதத்தைத் தொடலாம். பீலியில் வரும் மலைநீர் மிக மென்மையானது. கடும்பாறையில் வழிந்து வருவதால் அதில் சுண்ணாம்பு சொற்பம். ஒரு பங்கு அமோனியா நைதரசனை மாற்ற ஏறத்தாழ ஏழு பங்கு காரத்தன்மை செலவாகும். அது தீர்ந்தால் தண்ணீர் புளித்து வேலை நின்றுவிடும். ஷ்லோசிங்கும் மியூன்ட்ஸும் மணலோடு சுண்ணாம்புக்கல்லைக் கலந்ததன் பயன் இங்கே விளங்குகிறது. வடிகட்டிக்குள் சில டொலமைட் கல் வைத்தாலே பெரிதும் சரியாகும். குழாய்நீரானால் குளோரின் அகலவேண்டும், இல்லாவிட்டால் குளோரோஃபோம் செய்த வேலையையே அது செய்யும். மீன் இல்லாத தொட்டியில் நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் உணவு போட்டு அழுகவிட்டு, வடிகட்டியை இரவும் பகலும் ஓடவிட்டு, சோதனைக் கரைசலில் அமோனியாவும் நைத்திரைற்றும் ஏறி இறங்கிச் சுழியத்துக்கு வரும்வரை காத்திருப்பதே முறை. நலமான பழைய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால் வாரங்கள் குறையும். பிரெஞ்சுக்காரர் ஊற்றிய மண்கரைசலைப் போன்றது அது. பஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று கழுவினால் எல்லாம் மீண்டும் முதலிலிருந்து.

மீன் விடுவதிலும் ட்ரவுட் வரலாறு உதவும்: நிலத்துக்கு ஏற்ற மீன், சிறிது சிறிதாக. பற்றீரியாக் கூட்டம் கிடைக்கும் உணவின் அளவுக்கே பெருகும். மூன்று மீனுக்குப் பழகியதன்மேல் மறுநாள் இருபது மீனின் கழிவைச் சுமத்தினால் அது தாங்காது. தென்சீன மலையோடைகளிலிருந்து வந்த வைட் க்ளவுட் மீனும் சீப்ரா டானியோவும் பொகவந்தலாவைக் குளிரில் வெப்பமூட்டி இல்லாமலே நலமாக இருக்கும். தங்கமீனும் குளிர் தாங்கும், ஆனால் கழிவு மிகுதி. பெரிய தொட்டி வேண்டும். நம் நாட்டு மீனையே வளர்ப்போமே என்று விரும்புவோர் உண்டு, விருப்பம் நல்லது. ஆனால் 1929இல் தெரணியகல என்பவர் விவரித்த செரி பார்ப், இலங்கைக்கே உரியதென்றாலும் தாழ்நில ஈரவலயத்து ஓடைகளின் மீன். இந்த மலையில் அதற்கு வெப்பமூட்டி வைக்கவேண்டும். எடுக்கிறவர் வளர்ப்புப் பண்ணையில் பிறந்ததையே எடுக்கவேண்டும், காட்டோடையிலிருந்து பிடித்ததையன்று.

தொட்டி பக்குவமடைந்த பிறகும் பற்றீரியா விட்டுவைக்கும் நைத்திரேற்றை வாரந்தோறும் கொஞ்சம் தண்ணீர் மாற்றி வெளியேற்றத்தான் வேண்டும். அந்தத் தண்ணீரைப் பூச்செடிக்கோ மரக்கறிப் பாத்திக்கோ ஊற்றலாம்; செடி தேடும் உரம் அது. சலித்துப்போன மீனையோ பெருகிவிட்ட குஞ்சையோ வாய்க்காலில் விடுவதுதான் கூடாதது. கெஹெல்கமு ஓயா கித்துல்கலைக்கு மேலே மஸ்கெலி ஓயாவோடு சேர்ந்து களனி கங்கையாகிறது. உலகில் வேறெங்கும் இல்லாத கெண்டையினங்கள் சில அதன் கீழோடைகளில் வாழ்கின்றன. தொட்டி வியாபாரத்தின் வழியாகத் தப்பிய தென்னமெரிக்க உறிஞ்சிக் கெளிறு இலங்கையின் ஆறு குளங்களில் ஏற்கெனவே பரவிவிட்டது. வளர்க்க முடியாத மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம், தொட்டி வைத்திருக்கும் இன்னொருவருக்கும் கொடுக்கலாம்.