கம்பிவாளின் வரலாறு

மனிதனின் வரலாற்றை அரசர்களின் போர்களைக் கொண்டு எழுதுவது ஒரு முறை; அவன் கையாண்ட கருவிகளைக் கொண்டு எழுதுவது மற்றொரு முறை. நம் பாடநூல்கள் முதல் முறையையே பெரிதும் கைக்கொள்கின்றன. இரண்டாவது முறையும் சுவை குன்றியதன்று என்பதை நீங்கள் உணரவேண்டும் என்பது என் விருப்பம். ஆகவே, மாணவ நண்பர்களே, இன்று ஒரு சிறிய கருவியின் கதையை உங்களுக்குச் சொல்லப் போகிறேன். ஒரு காலத்தில் மன்னரின் மாளிகைக்கு மட்டும் உழைத்த அக்கருவி, ஏழைத் தொழிலாளியின் ஓய்வுநேரத் துணையாக மாறியது எவ்வாறு என்பதே அந்தக் கதை.

தச்சரிடம் உள்ள பெரிய வாளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் தகடு அகன்றது. ஆகையால் அது நேர்கோட்டிலே அறுத்துச் செல்லும். ஒரு மயிலின் கழுத்தையோ மாவிலையின் விளிம்பையோ மரத்தில் வெட்டியெடுக்க அது உதவாது. வளைந்து செல்லவேண்டிய வாளுக்குத் தகடு மிக மிக மெலிந்திருக்க வேண்டும். கம்பிபோல் மெலிந்த அலகை, லாட வடிவமான ஒரு நீண்ட சட்டத்தின் இரு முனைகளுக்கும் இடையே விறைப்பாக இழுத்துக் கட்டினால் கிடைப்பதே நாம் பேசும் கருவி. கையால் இயக்குவதை ஆங்கிலத்தில் ‘ஃபிரெட் சா’ என்றும், பொறியில் பொருத்தியதை ‘ஸ்க்ரோல் சா’ என்றும் அழைப்பர். இப்பேச்சில் நான் இரண்டையும் ‘கம்பிவாள்’ என்றே குறிப்பிடுகிறேன்.

இக்கருவியின் சிறப்பு ஒன்றுண்டு. பலகையின் நடுவே சிறு துளை ஒன்று இட்டு, அலகின் ஒரு முனையை அவிழ்த்துத் துளைக்குள் நுழைத்து, மறுபடியும் சட்டத்தில் முடுக்கிவிட்டால், பலகையின் ஓரத்தைத் தொடாமலே உள்ளே வேண்டிய வடிவத்தை அறுத்தெடுத்துவிடலாம். கோலத்தின் புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி வரும் இழைபோல அலகு எந்த மூலையிலும் திரும்பும். பற்கள் கைப்பிடியை நோக்கிக் கீழ்முகமாக இருப்பதால், கீழே இழுக்கும்போதுதான் மரம் அறுபடும். வலிந்து தள்ளினால் அலகு ஒடிந்துவிடும். பொறுமையற்றவனுக்கு இவ்வாள் பணிவதில்லை.

இத்தாலியில் 15-ஆம் நூற்றாண்டிலேயே பலவண்ண மரத் துண்டுகளை இணைத்துப் படங்கள் அமைக்கும் கலை உச்சநிலையை எய்தியிருந்தது. உர்பினோ நகர அரண்மனையில், 1470-களில் அமைந்த சிறிய படிப்பறையின் சுவர்களை இன்றும் காணலாம். புத்தகங்களும் இசைக்கருவிகளும் பாதி திறந்த அலமாரிகளும் அங்கே இருப்பனபோல் தோன்றும். அருகில் சென்றால் அத்தனையும் தட்டையான மரத்துண்டுகளே எனத் தெரியவரும். அந்நாளைக் கலைஞர் பெரும்பாலும் கத்திகொண்டே இவற்றை வெட்டினர். பின்னர், 16-ஆம் நூற்றாண்டில், மெல்லிய எஃகு செய்யும் திறன் ஐரோப்பாவில் வளர்ந்தது. நுண்ணிய அலகுகள் புழக்கத்துக்கு வந்தன. மரப்படம் இழைப்போரின் கைக்குக் கம்பிவாள் வந்து சேர்ந்தது.

ஆயினும் அதனை யார் வேண்டுமானாலும் எடுத்துத் தொழில் செய்துவிட இயலாது. பாரிஸ் போன்ற நகரங்களில் ஒவ்வொரு தொழிலையும் ஒரு தொழிற்குழு கட்டியாண்டது. குழுவில் சேர ஆண்டுக்கணக்கில் பயிற்சியும் பெருங்கட்டணமும் வேண்டும். தேர்ந்த தொழிலாளரின் புதல்வருக்கோ சலுகை உண்டு. மரவேலை செய்பவன் உலோக வேலையில் கைவைக்கக் கூடாது என்பன போன்ற எல்லைகளும் இருந்தன. இந்த வேலியைத் தாண்டியவர்களுள் ஒருவர் ஆந்திரே-சார்ல் பூல் (1642–1732) என்பவர். பதினான்காம் லூயி மன்னர் 1672-ல் அவருக்கு லூவ்ர் அரண்மனையில் இடம் அளித்தார். அரசரின் கலைஞர் என்ற முறையில் தொழிற்குழுவின் கட்டுப்பாடுகள் அவரைத் தடுக்கவில்லை. மரம், பித்தளை, வெண்கலம் ஆகிய அனைத்தையும் ஒருசேரக் கையாண்டார்.

பூல் புகழ்பெறச் செய்த முறை மிக எளியது. ஆமையோட்டுத் தகடு ஒன்றையும் பித்தளைத் தகடு ஒன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலே படம் வரைந்த தாளை ஒட்டிக் கம்பிவாளால் இரண்டையும் சேர்த்தே அறுப்பார். ஆமையோட்டின் பள்ளத்தில் பித்தளைப் பூ பொருந்தும். பித்தளையின் பள்ளத்தில் ஆமையோட்டுப் பூ பொருந்தும். ஒரே அறுப்பில் ஒரு படமும் அதன் எதிர்ப்படமும் கிடைத்தன. ஆகவேதான் அவருடைய அலமாரிகள் பல இரட்டையாகச் செய்யப்பட்டன. கழிவு என்று எறிய ஒன்றும் எஞ்சவில்லை. ஆனால் அவ்வளவு சிக்கனமான முறையால் உருவான பொருள்கள் மன்னருக்கும் பிரபுக்களுக்குமே உரியனவாயின.

அரண்மனை வாயிலைக் கடந்து கம்பிவாள் வெளியே வந்ததற்குக் கல்வியும் ஒரு காரணம் என்பது ஆசிரியனாகிய எனக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்றொரு இளைஞர் வாழ்ந்தார். வரைபடம் செதுக்குவது அவர் தொழில். 1760-களில் அவர் நாட்டு வரைபடங்களை மெல்லிய மரப்பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைகளை ஒட்டியே அறுத்துத் துண்டுகளாக்கி விற்றார். உலகம், நான்கு கண்டங்கள், இங்கிலாந்தும் வேல்சும், ஸ்காட்லாந்து, அயர்லாந்து என எட்டுப் படங்கள் அவ்வாறு வெளிவந்தன. பிள்ளைகள் துண்டுகளைச் சேர்த்துப் பூகோளம் கற்றனர். ஸ்பில்ஸ்பரிக்குச் சற்று முன்னரே, லண்டனில் பாடம் சொல்லிவந்த லெ பிரின்ஸ் டி போமோன் என்ற பிரெஞ்சு ஆசிரியை இத்தகைய மரப்படங்களைப் பயன்படுத்தினார் என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் குழந்தைகளுக்குப் பொறுப்பாயிருந்த சார்லட் ஃபின்ச் என்ற மாதரசியும் இம்முறையிலேயே பூகோளம் கற்பித்தார். ஸ்பில்ஸ்பரி 1769-ல், முப்பது வயதளவில் மறைந்தார். இன்று நாம் ‘ஜிக்சா’ என்று அழைக்கும் படப்புதிரின் தொடக்கம் இதுவே.

பிரான்சில் தொழிற்குழுக்கள் 1791-ல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. ஆனால் உரிமை கிடைத்தவுடன் கருவி கிடைத்துவிடுமா? அதற்கு 19-ஆம் நூற்றாண்டின் ஆலைகள் வேண்டியிருந்தன. எஃகு மலிந்தது; அலகுகள் கட்டுக் கட்டாய் விற்பனைக்கு வந்தன. தையல் எந்திரத்தைப்போலக் காலால் மிதித்து இயக்கும் கம்பிவாள் பொறிகள் அமெரிக்காவில் பெருகின. இரு கைகளும் பலகையைத் திருப்ப ஓய்வாக இருந்தமையால் வேலை விரைந்தது. 1876-ல் பிலடெல்பியா நகரில் நடந்த பெருங்கண்காட்சியை ஒட்டி இவ்வார்வம் அந்நாடெங்கும் பரவிற்று. மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஓக் பிளஃப்ஸ் என்ற தீவு ஊரில், அக்காலத்துச் சிறு மர வீடுகள் தாழ்வாரம் முழுதும் பின்னல்வேலை செய்தாற்போன்ற மரச்சித்திரங்களோடு இன்றும் நிற்கின்றன. நடுத்தரக் குடும்பமும் தன் வீட்டு முகப்பை அலங்கரித்துக்கொள்ளலாம் என்ற நிலை அப்போது தோன்றிவிட்டது.

கருவி இருந்தாலும் நேரம் வேண்டுமன்றோ? பிரிட்டனில் 1850-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், சனிக்கிழமைகளில் பிற்பகல் 2 மணியோடு நெசவாலைகளில் பெண்கள், இளைஞர்களின் வேலையை நிறுத்தியது. வரவர அவ்வோய்வு பிறருக்கும் கிட்டியது. ஓய்வு பெற்ற கைகள் தமக்குப் பிடித்த வேலையைத் தேடின. நார்ஃபோக் மாவட்டத்தின் டெரஹாம் என்ற சிற்றூரில் வளர்ந்த ‘ஹாபீஸ்’ நிறுவனம் அவர்களின் தேவையை அறிந்துகொண்டது. 1895-ல் அப்பெயரிலேயே ஒரு வார இதழைத் தொடங்கி, அதனோடு அறுப்பதற்குரிய மாதிரிப் படங்களை இலவசமாக இணைத்து வழங்கிற்று. கடிகாரக் கூடு, புகைப்படச் சட்டம், பொம்மைக் கப்பல் என வாரந்தோறும் ஒரு புதுப்பொருள்! எழுத்தரும், தொழிலாளரும், பள்ளிச் சிறுவரும் அடுக்களை மேசையின் விளிம்பில் பலகையைப் பொருத்திக்கொண்டு அமர்ந்தனர். இவர்களில் யாரும் தச்சர் மகன் என்பதற்காக வாளை எடுக்கவில்லை; அதில் மனம் பற்றியதால் எடுத்தனர்.

வறுமைக் காலத்திலும் கம்பிவாள் கைகொடுத்தது. 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் அமெரிக்காவில் வேலையிழந்த தச்சர் பலர் வீட்டிலேயே மரப்புதிர்களை அறுத்து விற்றனர். நூலகங்களும் மருந்துக் கடைகளும் புதிர்களை வாடகைக்குக் கொடுத்தன. ஆலைகளில் அச்சுவெட்டிய அட்டைப் புதிர்களையும் சேர்த்தால், 1933-ன் தொடக்கத்தில் வாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கோடிப் புதிர்கள் விற்றன என்று கணக்கிட்டிருக்கின்றனர்.

இனி, கல்வியாளர்கள் இவ்வேலையைப் பற்றி என்ன கருதினர் என்பதையும் பார்க்கவேண்டும். பின்லாந்தில் ஊனோ சிக்னேயுஸ் என்பாரின் முயற்சியால் 1866-ல் கைவேலை நாட்டுப்புறப் பள்ளிகளில் பாடமாயிற்று. அவரைத் தொடர்ந்து, சுவீடன் நாட்டில் ஓட்டோ சாலமன் (1849–1907), நேஸ் என்ற இடத்தில் ஆசிரியப் பயிற்சிக்கூடம் நடத்தி, ‘ஸ்லாய்டு’ எனப்படும் கைவேலைக் கல்வியைப் பல நாட்டு ஆசிரியருக்கும் கற்பித்தார். பிள்ளைகளைத் தச்சராக்குவது தம் நோக்கமன்று என்று அவர் தெளிவாகக் கூறினார். உழைப்பினிடத்து மதிப்பு, ஒழுங்கு, கூர்ந்த பார்வை, தன்னம்பிக்கை ஆகியவை எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டும்; அவற்றைக் கைவேலை தரும் என்பதே அவர் கொள்கை.

அத்தகைய சாலமன் கம்பிவாளை வாழ்த்தினாரா என்றால், இல்லை. பலவகைக் கைவேலைகளை வரிசைப்படுத்தி, ‘பிள்ளையின் ஆற்றலுக்கு ஏற்றதா? செய்த பொருள் பயன்படுமா? உடல்நலத்துக்கு உகந்ததா? கடும் உழைப்பை மதிக்கக் கற்பிக்குமா?’ என்றெல்லாம் அவர் வினவினார். பயன்படு பொருள்களை மரத்தில் செய்யும் தச்சுவேலைக்கே முதலிடம் அளித்தார். கம்பிவாள் வேலைக்கு உயர்ந்த இடம் கிட்டவில்லை. அவர் கூற்றில் நியாயம் உண்டு என்பதை நான் மறுக்கமாட்டேன். பிறர் அச்சிட்டுத் தந்த கோட்டின்மீதே அறுத்துச் செல்பவனின் கை பழகும். அறிவு அவ்வளவாகப் பழகாது. அலங்காரப் பொருள் குவிந்து தூசி படிவதும் உண்டு. ஆயினும் ஸ்பில்ஸ்பரியின் வரைபடத்தை நினைத்துப் பாருங்கள். அதே வாள், அதே மரம். ஆனால் எந்த இடத்தில் அறுக்கவேண்டும் என்பதை அங்கே சிந்தனை தீர்மானித்தது. குறை கருவியினிடத்தில் இல்லை. கோட்டை வரைந்தவர் யார் என்பதில்தான் இருக்கிறது.

இந்த வினா நம் நாட்டிலும் எழுந்ததுண்டு. 1937-ல் வார்தாவில் கூடிய மாநாட்டில், ஒரு கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வியைக் காந்தியடிகள் முன்வைத்தார். 1953-ல் சென்னை மாநிலத்தில் ஒரு தொடக்கக் கல்வித் திட்டம் கொண்டுவரப்பட்டது. கிராமப் பள்ளிகளில் பாடநேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய வேளையில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலில் பழகலாம் என்றது அத்திட்டம். இது குலக்கல்வி என்று தமிழ்நாடு கொதித்தெழுந்தது; 1954-ல் அது கைவிடப்பட்டது. கைவிடப்பட்டது முறையே என்பது என் துணிபு. ஆனால் அன்று முதல், கைவேலை என்றாலே தாழ்வு என்ற எண்ணமும் நம் பள்ளிகளில் ஓரளவு வேரூன்றிவிட்டதைத் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய காலத்தில் கண்டிருக்கிறேன். கைவேலைக்கென்று ஒதுக்கிய பாடவேளையைக் கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் கேட்டு வந்த பெற்றோர் பலர். அவர்கள்மீது எனக்கு வருத்தமில்லை. பிறப்பு தம்மீது சுமத்திய தொழிலிலிருந்து விடுபட எழுத்தறிவைப் பற்றிக்கொண்டவர்கள், மீண்டும் வாளையும் உளியையும் கண்டு அஞ்சுவது இயல்பே.

இங்கேதான் கம்பிவாளின் வரலாறு நமக்கு ஒன்றைச் சொல்லுகிறது. தொழிற்குழுவின் வேலிக்குள் அடைபட்டிருந்தபோது அக்கருவி சிலருக்கே உரியது. மன்னரின் தயவால் ஒருவர் வேலி தாண்டினார். பின்னர் வேலியே இல்லாமற்போனது. அதற்குப்பின் அதை எடுத்தவர் எழுத்தராகவும் இருக்கலாம், ஆலைத் தொழிலாளியாகவும் இருக்கலாம், பள்ளிப் பிள்ளையாகவும் இருக்கலாம். பிறப்பு கையில் திணிக்கும் வேலை சுமை. மனம் விரும்பி மேற்கொள்ளும் வேலை கல்வி. தச்சரின் மகள் மருத்துவம் படிப்பதும், மருத்துவரின் மகன் மாலையில் மரம் அறுப்பதும் ஒரே விடுதலையின் இரு பக்கங்கள். பூலின் தகடுகளைப்போல ஒன்றின் பள்ளத்தில் மற்றொன்று பொருந்தும்.

இன்று மின்சாரத்தால் இயங்கும் கம்பிவாள்கள் உலகெங்கும் விற்கின்றன. ஆனால் தொடங்குவதற்கு அவை வேண்டியதில்லை. கையால் இயக்கும் சட்டம் ஒன்று, ஒரு கட்டு அலகு, மெல்லிய ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்று, மேசை விளிம்பில் பொருத்த ஆங்கில ‘வி’ எழுத்தைப்போல் வெட்டிய தாங்குபலகை, துளையிட ஒரு சிறு துரப்பணம் ஆகியவை போதும். கண்ணுக்குத் தூசி படாமல் காத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் சில அலகுகள் ஒடியும். அதனால் சோர்வடைய வேண்டாம். வாளை நேராகப் பிடித்துப் பலகையை மெல்லத் திருப்பக் கற்றுக்கொள்ளுங்கள். முதற்படத்தை வேண்டுமானால் பிறர் வரைந்து தரட்டும். இரண்டாவது படத்தை நீங்களே வரையுங்கள். உங்கள் மாவட்டத்தின் வரைபடத்தை வரைந்து, வட்டங்களின் எல்லைகளை ஒட்டி அறுத்து, உங்கள் தம்பி தங்கையிடம் கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். அவர்கள் சேர்க்கும் முன்னரே, அறுத்த நீங்கள் அம்மாவட்டத்தை நன்கு அறிந்திருப்பீர்கள்.