28 பேர்: உறக்க மருந்துச் சார்பை மருத்துவம் கண்டுகொள்ளத் தவறிய வரலாறு

1980இல் பிரிட்டனின் மருந்துகள் மீளாய்வுக் குழு ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. 1960 முதல் 1977 வரை அந்நாட்டில் பென்சோடையசெபைன் வகை மருந்துகளைச் சார்ந்துபோனவர்கள் 28 பேர் என்றது அது. அக்காலத்தின் இறுதியில் அந்நாட்டு மருத்துவர்கள் இதே மருந்துகளுக்கு ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தனர். 28 என்பது இட்டுக்கட்டிய எண் அன்று. மருத்துவம் கண்ணால் கண்டு பதிந்தவற்றிலிருந்து பெறப்பட்டதே. காணாததை எவரும் எண்ண இயலாது. ஏன் காணவில்லை என்பதே இங்கு வரலாற்றுக் கேள்வி. அதற்கான விடையின் ஒரு பாதி மருந்தின் இயல்பில் இருக்கிறது. மறுபாதி, மருத்துவம் கையாண்ட சொற்களில் இருக்கிறது.

முதலில் மருந்தின் இயல்பு. அபினியை விடுபவருக்கு மூக்கு ஒழுகும், மயிர் சிலிர்க்கும், வயிறு போகும். அபினி எதற்காகத் தரப்பட்டதோ அந்த நோயின் முகம் அதுவன்று. ஆகவே பார்த்த மாத்திரத்தில் பிரித்தறியலாம். உறக்க மருந்தை விடுபவருக்கு வருவதோ உறக்கமின்மை, பதற்றம், நடுக்கம். அவர் மருத்துவரிடம் முதன்முதலில் வந்தபோது சொன்னவையும் அவையே. ஆகவே மருத்துவர் ‘பழைய நோய் திரும்பிவிட்டது’ என்று முடிவுசெய்து மீண்டும் அதே மருந்தை எழுதுகிறார். அறிகுறிகள் அடங்குகின்றன. மருந்து தேவைதான் என்பதற்கு அதுவே சான்றாகிவிடுகிறது.

இந்த வட்டம் பென்சோடையசெபைனுக்கு நூறாண்டு மூத்தது. 1857இல் சார்லஸ் லோகாக் என்ற ஆங்கில மருத்துவர் வலிப்புக்குப் பொட்டாசியம் புரோமைடு பயன்படுவதை அறிவித்தார். சில பத்தாண்டுகளில் அது பதற்றத்துக்கும் உறக்கமின்மைக்கும் பொதுமருந்தாகிவிட்டது. புரோமைடு உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ பன்னிரண்டு நாள் ஆகும். நாள்தோறும் உண்பவரின் குருதியில் அது மெல்லச் சேர்ந்துகொண்டே போகும். பேச்சு குழறும், நடை தள்ளாடும், தோலில் கட்டிகள் எழும், இல்லாத குரல்கள் கேட்கும். அத்தகையோர் மனநோய் விடுதிகளில் சேர்க்கப்பட்டனர். அங்கு அவர்களை அமைதிப்படுத்தத் தரப்பட்ட மருந்துகளுள் புரோமைடும் ஒன்று. 1927இல் ஓட்டோ வூத் குருதியில் புரோமைடை எளிதில் அளக்கும் முறையை வெளியிட்ட பிறகே ஐயமின்றி அடையாளம் காண வழி பிறந்தது. மருத்துவமோ வியப்பூட்டும் அளவுக்கு எளியது: மருந்தை நிறுத்தி, சமையல் உப்பும் நீரும் தருவது. குளோரைடு புரோமைடைச் சிறுநீரின் வழி வெளித்தள்ளிவிடும்.

சோதனைமுறை வந்துவிட்டால் கண்டறிதலும் உடனே நிகழ்ந்துவிடும் என்பதில்லை. 1954இன் தொடக்கத்தில் நாவலாசிரியர் ஈவ்லின் வோ இலங்கைக்குக் கப்பலேறினார். ஆண்டுக்கணக்கில் குளோரலும் புரோமைடும் உண்டுவந்தவர் அவர். கப்பலில் தம்மைத் தூற்றும் குரல்கள் இடையறாது கேட்டன. தாங்காமல் எகிப்தில் இறங்கி, விமானத்தில் கொழும்பு சென்றார். குரல்களும் கூடவே சென்றன. இலண்டன் திரும்பிய பின்னரே எரிக் ஸ்ட்ராஸ் என்ற மனநல மருத்துவர் இது மனச்சிதைவன்று, மருந்தின் நஞ்சு என்று கண்டார். மருந்து மாற்றப்பட்டது, குரல்கள் நின்றன. வோ தமது அனுபவத்தை 1957இல் ஒரு நாவலாக்கினார்.

குளோரல் 1869இல் பெர்லினில் ஆஸ்கார் லீப்ரைக்கினால் உறக்க மருந்தாக அறிமுகமானது. 1903இல் எமில் ஃபிஷரும் யோசப் ஃபான் மேரிங்கும் வெரோனலைத் தந்தனர். பார்பிட்யூரேட் குடும்பத்தில் சந்தைக்கு வந்த முதல் மருந்து அது. 1912இல் லூமினல் வந்தது. பின்னர் அமிட்டால், நெம்புட்டால், செக்கோனால். ‘-அல்’ என்ற ஈறே உறக்கத்தின் விகுதி போலாயிற்று. (பிரிட்டிஷ் மருந்தியல் ‘-ஓன்’ ஈற்றை விரும்பியது, இந்திய மருந்துக் கடைகளில் இன்றும் ஒலிக்கும் ‘ஃபீனோபார்பிட்டோன்’ அதன் எச்சம்.)

இனிச் சொற்களின் பங்கு. 1920களிலும் 1930களிலும் இலண்டனில் நச்சியல் அறிஞர் வில்லியம் வில்காக்ஸ் பார்பிட்யூரேட்டுகள் மக்களை அடிமைப்படுத்துகின்றன என்று ஓயாது எச்சரித்தார். மனநல மருத்துவர்கள் பலர் மறுத்தனர். அபினியைப் போல உடல் அதற்காக ஏங்குவதில்லை. அது வெறும் பழக்கம், காலையில் காபி குடிப்பது போன்றது என்பது அவர்கள் நிலைப்பாடு. ‘அடிமைத்தனம்’, ‘பழக்கம்’ என்ற இரு பெட்டிகளுள் உறக்க மருந்து இரண்டாவதில் இடப்பட்டது. அப்படி இட்டபின், மருந்தை நிறுத்தியவுடன் ஒருவருக்கு வலிப்பு வந்தால் அதை மருந்தோடு இணைத்துப் பார்க்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லாமற்போயிற்று. இத்தனைக்கும் ஜெர்மன் மொழியில் போலிஷ், பான்சே என்ற இருவர் உறக்க மருந்துத் தீப்பழக்கம் குறித்து 1934இலேயே தனி நூல் எழுதி, விலகலின்போது வரும் வலிப்பையும் பிதற்றலையும் விவரித்திருந்தனர். ஆங்கில உலகில் அதற்கு உரிய செவி கிட்டவில்லை. (அதே இருவரும் பின்னாளில், மனநோயாளிகளைக் கொன்ற நாசித் திட்டத்துக்கு மதிப்பீட்டாளர்களாயினர் என்பதையும் இவ்வரலாறு மறைக்க இயலாது.)

ஐயத்தை முடித்துவைத்தது 1950இல் வெளியான ஹாரிஸ் இஸ்பெல் குழுவினரின் ஆய்வு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனில், முன்பு மார்பினுக்கு அடிமையாயிருந்த ஐந்து கைதிகளுக்கு மாதக்கணக்கில் மிகுந்த அளவில் பார்பிட்யூரேட் தந்து, பின் ஒரேயடியாக நிறுத்தினார்கள். முதல் அரைநாளில் அவர்கள் தேறியவர்கள் போலவே தோன்றினர். தள்ளாட்டம் குறைந்தது, அறிவு தெளிந்தது. அதன்பின் நடுக்கம், வாந்தி, தளர்ச்சி. இரண்டாம் மூன்றாம் நாள்களில் பெரும்பாலோருக்கு முழு வலிப்பு; அதைத் தொடர்ந்து கடுங்குடியர்களுக்கு வருவது போன்ற பிதற்றல் நிலை. அபினி விலகல் கொடுமையானது, ஆனால் அரிதாகவே உயிரைக் கொல்லும். உறக்க மருந்தின் விலகல் கொல்லவல்லது. ‘வெறும் பழக்கம்’ என்று ஒதுக்கப்பட்டதே இரண்டனுள் ஆபத்து மிக்கது என்றாயிற்று. சிறைப்பட்டவரின் ‘இசைவு’ எத்தகைய இசைவு என்ற கேள்வியை அன்றைய மருத்துவம் எழுப்பவில்லை. இன்று அந்த ஆய்வை எந்த நெறிமுறைக் குழுவும் ஏற்காது. எனினும் நஞ்சு முறிவு மருத்துவத்தின் அடிப்படை விதி அங்கிருந்தே வலுப்பெற்றது: ஒருபோதும் திடீரென நிறுத்தலாகாது. உலக சுகாதார அமைப்பின் வல்லுநர் குழு 1957இல்கூட அடிமைத்தனத்தையும் பழக்கத்தையும் தனித்தனியே வரையறுத்தது. 1964இல் இரண்டையும் கைவிட்டு ‘சார்பு’ என்ற ஒரே சொல்லைப் பரிந்துரைத்தது.

அளவுமீறி உண்டவரைக் காப்பதில் மாற்றம் விரைவாகவே வந்தது. ஊக்கிகளைக் கொடுத்து எழுப்பப் பார்ப்பதே அதுவரை வழக்கம். கோபன்ஹேகனில் 1949 முதல் கார்ல் கிளெம்மெசெனின் பிரிவு அவற்றை விலக்கி, மூச்சுக்குழலைத் திறந்துவைத்து, சுவாசத்தையும் குருதியோட்டத்தையும் மட்டும் பேணியது. இறப்பு விகிதம் நூற்றுக்கு இருபது என்ற அளவிலிருந்து ஒன்றிரண்டாக விழுந்தது.

விலகல் குறித்துக் கற்ற பாடமோ அடுத்த மருந்து வந்ததும் மறக்கப்பட்டது. லியோ ஸ்டெர்ன்பாக் கண்டுபிடித்த லிப்ரியம் 1960இலும் வேலியம் 1963இலும் சந்தைக்கு வந்தன. அளவுமீறினாலும் எளிதில் கொல்லாதவை என்பதால் சார்பும் இராது என்று நம்பப்பட்டது. சான்று இல்லாமலில்லை. லிப்ரியம் வந்த மறு ஆண்டே லியோ ஹாலிஸ்டர் குழுவினர், மிகுந்த அளவில் அதை உண்டுவந்த பதினொரு நோயாளிகளுக்கு அதை நிறுத்தி வெற்று மாத்திரை தந்தபோது, பத்துப் பேருக்கு விலகல் அறிகுறிகளும் இருவருக்கு வலிப்பும் வந்ததைப் பதிந்தனர். ‘அளவு மிகுதி, ஆகவே விதிவிலக்கு’ என்று அது ஓரங்கட்டப்பட்டது. இருபதாண்டு கழித்து, 1981இல், பெட்டூர்சனும் மால்கம் லேடரும் மருத்துவர் சொன்ன வழக்கமான அளவிலேயே உண்டுவந்த பதினாறு பேரை ஆராய்ந்தனர். பதினாறு பேருக்குமே ஏதோவொரு விலகல் விளைவு தோன்றியது. புலனுணர்வு கூர்மையாதல், ஒளியும் ஒலியும் தாங்காமை, தரை அசைவது போன்ற உணர்வு ஆகியவை பழைய பதற்ற நோயில் இயல்பாகக் காணப்படாதவை. பழைய நோய் திரும்புவதையும் விலகலையும் பிரித்தறியும் சாவி அங்கே கிடைத்தது. 1988இல் பிரிட்டன், இம்மருந்துகளை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் எழுத வேண்டாமென்று அறிவுறுத்தியது. நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை விலகல் மருத்துவகம் நடத்திய ஹெதர் ஆஷ்டன், விரைந்து கழியும் மாத்திரையிலிருந்து நெடுநேரம் நிலைக்கும் டயஸெபாமுக்கு மாற்றி, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு அளவில் குறைக்கும் முறையை உருவாக்கினார். அவர் நோயாளிகளிடம் கேட்டுக் கற்றவர். சிகிச்சையின் வேகத்தை நோயாளியே முடிவுசெய்ய வேண்டும் என்றவர்.

இன்றைய அமெரிக்க மனநோய் வகைப்பாடு, மருத்துவர் சொற்படி உண்பவரிடம் காணும் தாங்குதிறனையும் விலகலையும் மட்டும் வைத்து ‘பயன்பாட்டுக் கோளாறு’ என்று முடிவுகட்டலாகாது என்கிறது. தமிழ் நாளிதழ் நடையில் இவ்விரண்டுக்கும் ‘மாத்திரைக்கு அடிமை’ என்ற ஒரே தொடர்தான். பத்தாண்டாக ஒரே சீட்டைப் புதுப்பித்துவரும் மூதாட்டியையும், சீட்டின்றி வாங்கும் இளைஞனையும் அத்தொடர் ஒன்றாக்கிவிடுகிறது. முன்னவர் அச்சொல்லைத் தமக்குரியதாக ஏற்பதுமில்லை, உதவி கேட்பதுமில்லை.

இந்தியாவில் அல்பிரசோலம், டயஸெபாம் முதலியவை 2013இல் எச்1 அட்டவணையில் சேர்க்கப்பட்டன. விற்பனையைத் தனிப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். 2019இல் வெளியான தேசிய ஆய்வு, 10 முதல் 75 வயது வரையானோரில் 1.08 விழுக்காட்டினர், ஏறத்தாழ 1.18 கோடிப் பேர், மருத்துவக் காரணமின்றி இம்மருந்துகளை உட்கொள்வதாக மதிப்பிட்டது. இவர்களுள் சீட்டும் அறியாத, மாத்திரையும் காணாத ஒரு பிரிவினர் உண்டு. தெலங்கானாவின் கள்ளுக் கடைகளில் கள்ளில் குளோரல் ஹைட்ரேட், டயஸெபாம், அல்பிரசோலம் கலக்கப்படுவது நெடுநாளாக அறியப்பட்டது. லீப்ரைக்கின் 1869ஆம் ஆண்டு மருந்து அங்கே இன்னும் உலவுகிறது. 2015இல் கலப்படத்துக்கு எதிரான கெடுபிடியால் அந்தக் கள் கிடைக்காமற்போனபோது, நிசாமாபாத், மகபூப்நகர் பகுதிகளின் அரசு மருத்துவமனைகளுக்கு வலிப்போடும் பிதற்றலோடும் மக்கள் வரத் தொடங்கினர். அவர்களைப் பொறுத்தவரை தாங்கள் குடித்தது கள். எந்த மருந்திலிருந்து விலகுகிறோம் என்பதை அவர்களால் சொல்ல இயலாது. லெக்சிங்டனில் 1950இல் எழுதப்பட்ட அறிகுறிப் பட்டியலை வைத்துத்தான் மருத்துவர் அதை ஊகிக்க வேண்டியிருந்தது.