சங்கராபரணி: ஓர் ஆறும் அதன் பெயர்களும்

செஞ்சி மலைப்பகுதியில் தோன்றி, விழுப்புரம் மாவட்டத்தின் ஊடே தென்கிழக்காகப் பாய்ந்து, புதுச்சேரிக்குத் தெற்கே கடலை அடையும் ஆறு சங்கராபரணி. நீளம் ஏறத்தாழ 79 கிலோமீட்டர். ஆறு சிறிதாயினும் அதற்கு வழங்கும் பெயர்கள் பல. செஞ்சியை ஒட்டி ஓடுவதால் செஞ்சியாறு எனப்படும். வராக நதி என்பதும் இதுவே. கடலருகே சுண்ணாம்பாறு, அரியாங்குப்பம் ஆறு எனக் கிளைகளும் தனிப்பெயர் பெறுகின்றன. ரோமானிய வணிகத்தால் புகழ்பெற்ற அரிக்கமேடு, அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் அமைந்ததே.

இவ்வாற்று நாட்டின் தொன்மைக்குச் சமணச் சான்றுகள் கல்லிலேயே உள்ளன. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் திருவுருவங்கள் ஒரே பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததை அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு அறிவிக்கிறது. தொண்டூர்க் குகையில் துறவியருக்கென வெட்டப்பட்ட கற்படுக்கைகளும், கி.பி. 3ஆம் நூற்றாண்டை ஒட்டிய தமிழ்பிராமிக் கல்வெட்டும் உள்ளன. அக்கல்வெட்டு குறிப்பிடும் அகலூர், இன்றும் அதே பெயருடன் தமிழ்ச் சமணர் வாழும் ஊராகத் திகழ்கிறது. ஆட்சிகள் பல மாறியும் ஊர்ப்பெயர் மாறவில்லை. அவ்வூரில் தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்ந்து வந்ததே அதற்குக் காரணம்.

சங்கராபரணியோடு தொண்டியாறு கூடுமிடத்தில் இருப்பது வீடூர். அதுவும் பழைமையான சமண ஊர். ஆதிநாதர் ஆலயம் உடையது. அங்கு 1958-59ஆம் ஆண்டுகளில் அணை கட்டப்பட்டது. தமிழகத்தில் 2,200 ஏக்கரும் புதுச்சேரியில் 1,000 ஏக்கரும் அதனால் பாசனம் பெறுகின்றன. சிற்றூராகிய வீடூரின் பெயர் தமிழக, புதுச்சேரி உழவரின் நாவில் வழங்குவது இவ்வணையினாலேயே.

நிலைத்த பெயர்களுக்கு இருவகைக் காப்பு உண்டு: ஒன்று கல்லெழுத்து, மற்றொன்று மக்கள் வழக்கு. அகலூருக்கு இரண்டும் வாய்த்தன. ஓடைக்கும் மதகுக்கும் வயல்வெளிக்கும் வழங்கும் பெயர்களைக் கல்லில் பொறித்தவர் இலர். அவை முதியோர் நினைவிலேயே வாழ்கின்றன. கல்வியும் பணியும் நாடிக் குடும்பங்கள் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்துவரும் இந்நாளில், அப்பெயர்களைக் கேட்டு எழுதிவைக்க வேண்டிய பொறுப்பு இளைய தலைமுறையினருடையது. திருவிழாவுக்குச் சொந்த ஊர் வந்து கூடும் நாள்களே அதற்கு உகந்தவை. தாத்தா பாட்டியரோடு ஆற்றங்கரைவரை ஒருமுறை நடந்து சென்றாலே அந்தப் பணி தொடங்கிவிடும்.