வீணைக்கு மாணவரான கிதார்

அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஈன்ற ஜாஸ் இசையில் கிதார் மீட்டியோருள் நம் நெஞ்சில் முதலிடம் பெற்றவர், 1942இல் இங்கிலாந்தில் பிறந்த ஜான் மெக்லாஃப்ளின். விரைவில் அவரை விஞ்சியோர் இருக்கலாம். கற்கும் பணிவில் இலர் என்பது நம் எண்ணம். புகழின் உச்சியில் இருந்த 1970களில் எஸ். இராமநாதனிடம் அவர் வீணை பயின்றார். கமகம் கிதாருக்கு எளிதில் வசப்படவில்லை. எனவே மெட்டுகளுக்கு இடைப்பட்ட மரத்தைக் குழிவாகச் செதுக்கச் செய்தார். தந்தி வளைந்து கொடுத்தது.

1976இல் வெளிவந்த 'சக்தி' குழுவின் முதல் இசைத்தட்டில் எல். சங்கரின் வயலினும், ஜாகிர் உசேனின் தபேலாவும், விக்கு விநாயக்ராமின் கடமும் அவரோடு உரையாடுகின்றன. விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளுக்கு அருகே, கம்மாபுரத்தில் வாழும் நமக்குச் சுட்ட மண்ணின் குரல் அயலதன்று. முதன்முறை கேட்டபோது கடத்தையே கேட்டிருந்தோம். மறுமுறைதான், கடம் பேசுகையில் கிதார் வாய்மூடிக் காத்திருந்ததைக் கவனித்தோம்.